ஐந்தாவது வாக்குச்சீட்டு

ஊராட்சிச் செயலர் என்றால் என்ன வேலை என்று கேட்டால் குடிநீர், தெருவிளக்கு, வீட்டு வரி ரசீது என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், தீர்மானப் புத்தகம் எழுதுவதுதான் அந்த வேலையின் மையம். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில் அந்தப் புத்தகத்தை எழுதியே காலம் தள்ளியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்: நம் கிராம சபைத் தீர்மானங்களில் குறை மக்களிடம் இல்லை, தீர்மானத்துக்குப் பிறகு வரும் வெற்றிடத்தில் இருக்கிறது. உலகத்தில் வேறு சில ஊர்கள் அந்த வெற்றிடத்தைச் சட்டத்தால் அடைத்திருக்கின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1903-இல் மூன்று அதிகாரங்களை நகரச் சாசனத்தில் எழுதிக்கொண்டது. மக்களே ஒரு சட்டத்தை முன்மொழியலாம்; மன்றம் போட்ட சட்டத்தை வாக்களித்துத் தள்ளலாம்; தேர்ந்தெடுத்த ஆளை நடுவிலேயே திரும்ப அழைக்கலாம். மறு ஆண்டே ஒரு நகரமன்ற உறுப்பினரை மக்கள் வாக்குப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். 1911-இல் கலிஃபோர்னியா மாநிலம் முழுவதற்கும் அது வந்தது. அங்கே மக்களை அந்த அளவுக்குக் கொண்டுபோனது சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனி. நிலம், அரசியல், பதவி எல்லாவற்றிலும் அந்தக் கம்பெனியின் கை நீண்டிருந்தது. தொழிற்சாலைகள் வந்திறங்கிய ஒரு வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்தப் பின்னணியை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நம்மிடம் இந்த மூன்றில் முதலாவதன் விதை மட்டும் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3-ஆம் பிரிவு கிராம சபையை உண்டாக்கியது. ஊராட்சி எல்லைக்குள் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள் என்று நான்கு முறை கூடிக்கொண்டிருந்தது, பிறகு மார்ச் 22 தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறானது. 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்று குறைவெண்ணுக்கும் விதி இருக்கிறது. வரவு செலவுக்குப் படிவம் 30 உண்டு. கூட்டத்தைப் பார்க்க ஒன்றியத்திலிருந்து ஒரு பற்றாளர் வருவார். யார் கூட்டுவது, எப்போது, எத்தனை பேர், எதைப் படிப்பது என்பதற்கெல்லாம் வழி சொன்ன சட்டம் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டது. ஊர் ஒரு தீர்மானம் போட்டு மேலே அனுப்பினால், அதை ஏற்காத அதிகாரி இத்தனை நாளுக்குள் காரணத்தை எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்று அவர் கையைக் கட்டும் பிரிவு எதுவும் இல்லை. ஆனால் ஊராட்சி போட்ட தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. மேலிருந்து கீழே அதிகாரம், கீழிருந்து மேலே தபால்.

தீர்மானப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். கூட்டத்துக்கு முன்பே மேலிடத்துச் சுற்றறிக்கை வந்துவிடும், விவாதிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலோடு. டெங்கு ஒழிப்பு, பிளாஸ்டிக் தவிர்ப்பு, மழைநீர் சேகரிப்பு, இணையவழி வரி என்று பட்டியல் நீளும். ஊரின் சொந்தப் பிரச்சினை இதர பொருளாகக் கடைசியில் வரும், அதற்குள் வெயில் ஏறிப் பாதிப் பேர் எழுந்திருப்பார்கள். குறைவெண் நிரம்ப நூறு நாள் வேலைக்காரர்களை அழைத்து உட்கார வைப்பது ஊரறிந்த ரகசியம். கையெழுத்து வருகைப் பதிவேட்டில் முதலில் விழும், தீர்மான வாசகம் பிறகு எழுதப்படும். வாசகத்தின் முடிவு எப்போதும் ஒன்றுதான்: ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது. எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்று எண்ணி எழுதும் கட்டம் பெரும்பாலான புத்தகங்களில் கிடையாது. கை தூக்கினால்கூட யாரும் எண்ணுவதில்லை. ஆகவே ஊர் உண்மையிலேயே ஒருமனதாக ஒன்றைச் சொல்லும்போதும் அது வழக்கமான சடங்கு வாசகமாகத்தான் காகிதத்தில் தெரிகிறது. மேலே இருப்பவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் விடுவதற்கு இதைவிட வசதி வேண்டாம். கிராம சபையின் நேர்மையைக் காப்பாற்ற வேண்டுமானால் கணக்கு வேண்டும், அதுவும் ரகசிய வாக்கின் கணக்கு.

இந்தக் குறைபாட்டின் முழு விலையையும் கொடுத்த ஊர் ஏகனாபுரம். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. 13 கிராமங்கள், 5,000 ஏக்கருக்கு மேல் நிலம். அதே மாதம் 15-ஆம் தேதி கிராம சபையில் ஏகனாபுரம் எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகு சபை கூடிய போதெல்லாம் போட்டது; பத்துக்கும் மேற்பட்ட தீர்மானங்கள் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. 2024 ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தலில் ஊரில் பெரும்பாலோர் வாக்குச்சாவடிக்கே போகவில்லை. 2025-இல் ஒன்றிய அரசின் கொள்கையளவு ஒப்புதல் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் வேறு சில ஊர்களில் நில உரிமையாளர்கள் பதிவு செய்து கொடுக்கவும் தொடங்கினார்கள். அரசு இதைக் காட்டி மக்கள் ஒத்துழைக்கிறார்கள் என்கிறது. போராடுகிறவர்கள் தீர்மானங்களைக் காட்டி மக்கள் எதிர்க்கிறார்கள் என்கிறார்கள். 13 ஊரிலும் எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று எண்ணிப் பார்க்கும் ஏற்பாடு இல்லாததால் இரண்டு பேச்சும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதில் என் கருத்து இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. அதே தீர்மானத்தைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டிய நிலைக்கு ஓர் ஊரைத் தள்ளிய நடைமுறையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

சம்மதம் கேட்பது இந்தியச் சட்டத்துக்குப் புதிது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் தனியார் திட்டத்துக்குப் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம் பேரின் சம்மதத்தையும், அரசு தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 சதவீதம் பேரின் சம்மதத்தையும் கட்டாயமாக்கியது. சமூகத் தாக்க மதிப்பீட்டையும், அதில் ஊர்மக்கள் பேசும் பொது விசாரணையையும் சேர்த்தது. தமிழ்நாடு அதிலிருந்து விலகி நின்றது. தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்க 1997-இல் மாநிலம் போட்ட தனிச் சட்டம், 105-ஏ என்ற மாநிலத் திருத்தத்தின் வழியாக அந்தப் பாதுகாப்புகளுக்கு வெளியே வைக்கப்பட்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. சில நாட்களிலேயே சட்டமன்றம் முன்தேதியிட்டு உயிர்ப்பிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் சரியென்றது. சட்டப்படி அந்த விவகாரம் முடிந்துவிட்டது. ஆனால் எங்கள் வட்டாரத்தில் சிப்காட் பூங்காக்களுக்கு நிலம் எடுக்கக் கைகொடுத்தது இதே 1997 சட்டம் என்பதையும், வாக்கெடுப்புக்கு மிக அருகில் வந்த ஒரே உரிமை அதனால்தான் எங்கள் ஊர்களுக்கு வந்து சேரவில்லை என்பதையும் குறித்து வைப்பது நல்லது. நீர்நிலைகள் உள்ள நிலத்தையே பெரிய திட்டங்களுக்கு ஒருங்கிணைத்துக் கொடுக்க 2023 ஏப்ரலில் இன்னொரு சட்டம் விவாதமில்லாமல் நிறைவேறியது. அதில் முடிவு நிபுணர் குழுவின் அறிக்கையைப் பொறுத்தது. கிராம சபைக்கு வாக்கு இல்லை.

வாக்கெடுப்பு நம் நாட்டில் நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒடிசாவின் நியம்கிரி இருக்கிறது. பாக்சைட் சுரங்கத்துக்கு மலையைக் கொடுப்பதா என்பதை ஊர்ச் சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ராயகடா, களஹாண்டி மாவட்டங்களில் 12 சபைகள் கூடின. மாவட்ட நீதிபதிகள் பார்வையாளர்களாக உட்கார்ந்தார்கள். பன்னிரண்டும் மறுத்தன. அடுத்த ஆண்டு சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்தை நிராகரித்தது. ஏகனாபுரத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? மக்களின் உறுதியில் வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே கேள்வியைக் கேட்டது அரசு, ஊர் அதற்குப் பதில் சொன்னது. இங்கே ஊர் தானாகக் கேட்டது, பதில் சொல்ல யாருமில்லை. அங்கே வன உரிமைச் சட்டம் 2006 சபையின் சொல்லுக்குச் சட்ட வலுவைக் கொடுத்திருந்தது. காடும் பழங்குடியும் இல்லாத ஊரில் அந்தச் சட்டம் நுழையாது. காஞ்சிபுரம் மாவட்டத்து விவசாயிக்கு நிலத்தின் மீது இருக்கும் பிடிப்பு மலைவாழ் மக்களுடையதைவிடக் குறைந்ததென்று சட்டம் கருதுகிறதா என்று கேட்கலாம்தான், ஆனால் அது வேறு கட்டுரை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம் வளர்ச்சி. ஊருக்கு ஊர் வாக்கெடுப்பு வைத்திருந்தால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்திருக்குமா, ஒரகடத்தில் ரெனோ நிஸானும் ராயல் என்ஃபீல்டும் நின்றிருக்குமா என்பார்கள். இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். இந்தச் சாலையில் வேலை கிடைத்துக் கரையேறிய குடும்பங்கள் ஏராளம். ஆனால் தீர்மானப் புத்தகங்களைப் புரட்டினால், நிலமே தரமாட்டோம் என்று எழுதியவை குறைவு என்பது தெரியும். இழப்பீடு போதாது, வேலையில் உள்ளூர்க்காரருக்கு இடம் எவ்வளவு, வரத்துக்கால் அடைபடுமா, மந்தைவெளிக்கு மாற்றிடம் எங்கே, ஏரிக் கலங்கலுக்குக் கீழே மதில் எழுப்பினால் தண்ணீர் எங்கே போகும் என்பவைதான் மிகுதி. இவை மறுப்பு இல்லை, பேரம். வாக்கு கையில் இருந்தால் பேரம் மேசையில் நடக்கும். இல்லையென்றால் சாலை மறியலில் நடக்கும். தாமதம் என்று அரசு பயப்படுகிறதே, பரந்தூர் அறிவிப்பு வந்த 2022-இலிருந்து கழிந்த ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். சம்மதம் கேட்காததால் நேரம் மிச்சமானதாகத் தெரியவில்லை.

இரண்டாவது வாதம் இதைவிடக் கடினமானது: யார் மக்கள்? ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு நீர் கொண்டுவரும் கம்பன் கால்வாய் பரந்தூர்த் திட்ட நிலத்தின் வழியாகப் போகிறது. கால்வாய் மாறினால் பாதிப்பு ஏகனாபுரத்தோடு நிற்காது, கீழே உள்ள ஆயக்கட்டுக்கும் உண்டு. அப்படியானால் வாக்கு ஓர் ஊராட்சியின் எல்லையோடு முடியக் கூடாது. வல்லம் வடகாலில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அங்கே சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த தங்கும் விடுதியில் 18,720 பெண்கள் தங்கலாம். சுற்றியுள்ள பல ஊராட்சிகளின் மொத்த மக்கள் தொகையைவிட அது பெரியது. அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து, அந்த ஊர்ச் சாலையில் ஷிஃப்ட் பஸ் ஏறுகிறவர்கள் அவர்கள். ஆனால் பெயர் தூத்துக்குடியிலோ திருவண்ணாமலையிலோ உள்ள பட்டியலில் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் கதையும் இதேதான். பூர்வீகக்காரர்கள் மட்டும் வாக்களித்தால் விடுதிக்குக் குடிநீர் வேண்டாம் என்று முடிவெடுக்கவும் கூடும். இதற்குத் தீர்வு சட்டத்திலேயே உள்ளது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் பெயர் சேர்க்கத்தான் சொல்கிறது. வாக்காளர் சேர்ப்பு முகாமை விடுதி வாசலில் போட்டால் போதும். அப்படிச் சேர்ந்தால் கிராம சபையின் முகமே மாறிவிடும் என்று உள்ளூர்ப் பெருந்தலைகள் கவலைப்படுவார்கள். மாறட்டும்.

வாக்கெடுப்பு தவறாகவும் போகும் என்பதை மறைக்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் 1978-இல் மக்களே வாக்களித்துச் சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டினார்கள், உள்ளாட்சிகளும் பள்ளிகளும் நிதியில்லாமல் தவித்தன. ஆகவே வரி விகிதத்தை வாக்குக்கு விடக் கூடாது என்பேன். ஒரு சாதிக்கோ மதத்துக்கோ உரிய உரிமையையும் விடக் கூடாது. சுடுகாட்டுப் பாதை யாருக்கு என்று பெரும்பான்மையைக் கேட்டால் என்ன பதில் வரும் என்பது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். வாக்குக்கு உரியவை, ஒருமுறை செய்தால் திருப்ப முடியாதவை மட்டும்: ஊர்ப் பொதுநிலத்தையும் நீர்நிலையையும் வேறு பயனுக்கு மாற்றுவது, ஊரின் பெரும்பகுதி நிலத்தை எடுப்பது, ஊராட்சியைப் பேரூராட்சியாகவோ நகராட்சியாகவோ மாற்றுவது.

கடைசியாகச் சொன்னதுதான் இந்தச் சாலையோர ஊர்களுக்கு உடனடியாக வரப்போவது. 2022-இல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தபோது எங்கள் ஊர்கள் அதற்குள் வந்தன. 2025 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட புதிய நகராட்சிகளில் ஸ்ரீபெரும்புதூரும் ஒன்று. அந்த ஆண்டு தமிழ்நாடெங்கும் நகரங்களோடு இணைக்கப்படவிருந்த ஊராட்சிகள் எதிர்த்துப் போராடின. நூறு நாள் வேலை போகும், வரி ஏறும் என்பது அவர்களின் கவலை. அதிகம் பேசப்படாத இழப்பு ஒன்று உண்டு: நகரமானால் கிராம சபையும் போய்விடும். அதற்குப் பதிலாக வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. 2022 ஜூனில் விதிகள் வந்தன, நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன. ஆனால் வார்டு குழுவுக்குக் கவுன்சிலரே தலைவர், மற்றவர்கள் நியமன உறுப்பினர்கள். பேசலாம், மனு கொடுக்கலாம். எந்த அதிகாரத்தை மக்கள் இழக்கிறார்களோ அந்த மாற்றத்துக்கே அவர்களிடம் வாக்குக் கேட்காமல், அறிவிக்கை போட்டு ஆட்சேபம் மட்டும் கேட்பது எந்த வகையில் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. 1967 ஜனவரி 16 அன்று கோவா மக்களிடம் மகாராஷ்டிரத்தோடு சேர்கிறீர்களா என்று கேட்டு வாக்கெடுப்பு நடத்திய நாடு இது. அவர்கள் வேண்டாம் என்றார்கள், அது அப்படியே ஏற்கப்பட்டது.

திரும்ப அழைக்கும் அதிகாரத்தில் மட்டும் நான் பின்தங்கியே நிற்கிறேன். தேவை இல்லாமல் இல்லை. இப்போது ஊராட்சித் தலைவரை நீக்கும் வழி 205-ஆம் பிரிவு; ஆட்சியர் நோட்டீஸ் கொடுக்கிறார், ஊராட்சி மன்றத்தின் கருத்தைக் கேட்கிறார், முடிவு எடுக்கிறார். தேர்ந்தெடுத்த ஊருக்கு அதில் வேலையே இல்லை. நகரங்களில் மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம். காஞ்சிபுரம் மாநகராட்சியில் 2024 ஜூலை 29 அன்று அப்படி ஒரு தீர்மானத்துக்குக் கூட்டம் கூட்டினார்கள், ஒரு கவுன்சிலரும் வரவில்லை, தீர்மானம் தோற்றது. வாக்காளர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மத்தியப் பிரதேசத்தில் கவுன்சிலர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டால் நகராட்சித் தலைவர்மீது பொதுமக்களே வாக்களிக்கும் முறை வந்தது. நாற்காலி காலியா, நிரம்பியதா என்று இரண்டு சின்னங்கள். சத்தீஸ்கரிலும் 2008-இல் தலைவர்கள் அப்படிப் பதவி இழந்தார்கள். ராஜஸ்தானில் மாங்ரோல் நகராட்சித் தலைவர் 2012-இல் அதே வாக்கில் தப்பினார். ஆக, முறை ஓடத்தான் செய்கிறது. என் தயக்கத்துக்குக் காரணம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்குத் தேர்தலே நடக்கவிடாமல் 1996 முதல் பத்து ஆண்டுகள் தடுத்த ஊர்கள் அவை. ஒதுக்கீட்டில் வந்த தலைவரைப் பெரும்பான்மைச் சாதி திரும்ப அழைக்க ஒரு வழி கொடுத்தால், முதல் நாளே அதைப் பயன்படுத்தும். பதவியேற்று இரண்டு ஆண்டுக்குள் கூடாது, தணிக்கையில் பணமுறைகேடு எழுத்தில் நிரூபணமாக வேண்டும், நீக்கப்பட்டால் அதே ஒதுக்கீட்டிலேயே மறுதேர்தல் என்ற மூன்று வேலிகள் இல்லாமல் அந்த அதிகாரத்தை நான் ஆதரிக்க மாட்டேன். உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துவைத்துப் பெருமை பேசுகிறவர்கள், கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடவோலைக்குத் தகுதியில்லை என்று அதில் எழுதியிருப்பதைக் கவனிக்கலாம். கூடவே, அந்தச் சபையில் உட்கார நிலமும் வேதக் கல்வியும் வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

செலவு, சட்டச் சிக்கல் என்ற வாதங்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. மாநிலச் சட்டமன்றம் எந்த அதிகாரத்தைக் கொடுக்கிறதோ அதைக் கிராம சபை செலுத்தலாம் என்று அரசியலமைப்பின் 243-ஏ சொல்கிறது. டெல்லிக்குப் போக வேண்டாம். தேர்தல் நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம் இருக்கிறது. ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒவ்வொரு வாக்காளரும் ஏற்கெனவே நான்கு சீட்டுகளில் முத்திரை குத்துகிறார்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். ஊரின் கேள்வி ஒன்றை அச்சடித்த ஐந்தாவது சீட்டைச் சேர்த்தால் கூடுதல் செலவு காகிதமும் மையும்தான். வாக்காளர்களில் பத்தில் ஒருவர் கையெழுத்திட்டுக் கேட்டால் அந்தச் சீட்டு அச்சாக வேண்டும், பாதிக்கு மேல் வாக்களித்தால் முடிவு அரசைக் கட்டுப்படுத்த வேண்டும், இடைக்காலத் தீர்மானங்களுக்கு 60 நாளில் காரணத்தோடு பதில் வர வேண்டும். சட்டத்தில் சேர்க்க வேண்டியது இவ்வளவுதான்.

மாவட்டப் பிரிவினையால் தள்ளிப்போய் 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களில் காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் உண்டு. அந்த ஊராட்சிகளின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. வாக்குக் கேட்டு வீட்டுக்கு வருகிற எந்தக் கட்சிக்காரரிடமும், தெருவிளக்கைப் பற்றிக் கேட்பதற்கு முன், ஐந்தாவது சீட்டுக்கு உங்கள் கட்சி சட்டமன்றத்தில் கை தூக்குமா என்று கேளுங்கள். அடுத்த கிராம சபையில் அதையே ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள். செயலர் மறுக்க மாட்டார், அதை எழுதக் கூடாது என்று விதி ஏதும் இல்லை.